காய்ச்சல் அடிக்காத பிள்ளை

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பைய மடியிலயே வச்சுக்கிறேன், கீழ வச்சா எவனாவது மிதிச்சுருவான். ஆங், போதும் போதும். ஜன்னலோரம் நீயே இரு, கைப்பிள்ளைக்காரி. எனக்கென்ன, பகல் பூரா டீக்கடையில நின்னு பழகுன ஒடம்பு, எங்க உக்காந்தாலும் சொகந்தான்.

பையனா? அடேயப்பா! கன்னத்தப் பாரு, பூரிச்சுப்போய்க் கிடக்கு. ஒரு மைப்பொட்டு வச்சுக் கூட்டிட்டு வரக்கூடாதா தாயி, கண்ணு பட்டுராது? பேரென்ன? ரித்தீசா. ரித்தீசு, இந்தாங்க, பிஸ்கட்டு. புடிங்க. அத்தை கையக் கடிச்சுர மாட்டேன். வேணாமா? முழிச்சுத்தான இருக்கான்? சரி, நீ வாங்கி வச்சுரு, பெறகு திம்பான். சத்தமே காணோம். சமத்துப் பிள்ளை.

எது வரைக்கும் போற? தொக்கம் எடுக்கவா? என்னத்த முழுங்குனான்? தெரியலையா. சோறும் எறங்கல, பாலும் எறங்கல, எதையாச்சும் முழுங்கித் தொண்டைக்குழியில சிக்கிருக்கும்னு உங்க மாமியா சொல்றாகளாக்கும். இருக்கும், இருக்கும். பிள்ளைக கையில கெடச்சத வாயில போடுறதுதான. நானும் பழைய பஸ் ஸ்டாண்டுலதான் எறங்கணும். உனக்கு வண்டி நான் பாத்து ஏத்திவிடுறேன்.

நான் இருக்கன்குடிக்குப் போறேன். எங்க தம்பி மகளுக்கு இன்னிக்குக் காதுகுத்து. அதுக்குத்தான் இந்தப் பட்டுச்சேல. டீக்கடைக்காரி பட்டுச்சேல கட்டிட்டு டவுன் பஸ்ஸுல வாறாளேன்னு நீ பாத்தது எனக்குத் தெரியும்.

ஆனா எனக்குச் சொல்லல. கேட்டுக்கோ இந்தக் கூத்த. ஊரு பூரா சொல்லியிருக்கான், பால்காரனுக்குச் சொல்லியிருக்கான், கூடப்பொறந்த அக்காவுக்குச் சொல்லல. அத்தைக்குச் சொல்லாம ஒரு காதுகுத்து உண்டா? நீ கேள்விப்பட்டிருக்கியா? சொல்லாட்டி என்ன, மாரியாத்தா கோயிலு எல்லாருக்கும் பொதுதான. நான் பாட்டுக்கு ஒரு ஓரமாப் போய் நிப்பேன். பிள்ளைய ஒருதடவ கண்ணால பாத்துட்டு, இந்தக் கொலுசக் கால்ல போட்டுட்டு வந்துருவேன். விடுவாகளான்னுதான் தெரியல. 

வெயிலு இந்தப் போடு போடுது, பிள்ளைக்கு எதுக்குத் தாயி குல்லாவும் சாக்ஸும்? கை காலு சில்லுன்னு இருக்கா? ம்.

ம். ஜன்னலச் சாத்திக்கோ. காத்து மூஞ்சியில அடிக்குது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, கொலுசு. எங்க தம்பி பேரு தவசி. அவன் பொண்டாட்டி செல்வராணி. ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காக. மூத்தது பொண்ணு. கனிஷ்கான்னு பேரு. எனக்கு அது வாயில நுழையாது, கனின்னுதான் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளை பால்குடி மறக்கும் முன்னாலயே செல்வராணி அடுத்ததுக்கு மாசமாயிட்டா. மார்ல வேப்பெண்ணெயத் தடவி மறக்கடிச்சாக. அப்பறம் பிள்ளை என்னாகும்? சவலைதான். அம்மா மடியில இன்னொண்ணு ஏறிருச்சு, இதுக்குப் பாலும் இல்ல, மடியும் இல்ல. கைகாலு குச்சி, எந்நேரமும் அழுகை, யாரு வந்து தூக்குனாலும் போயிரும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இதையும் பாத்துக்கிட்டு கம்பெனிக்கு எப்படிப் போவா? தவசி கொண்டாந்து எங்கிட்ட விட்டான். அக்கா, நீதான் தேத்திக் குடுக்கணும்னான். அந்த வார்த்தையத்தான் சொன்னான். தேத்திக் குடுக்கணும்னு.

நான் தேத்துனேன் தாயி. ஊரே சாட்சி. என் பிள்ளைக ரெண்டு பேரும் கல்யாணம் முடிஞ்சு போயிட்டாக, வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும்தான். பொழுதன்னைக்கும் என் இடுப்புலதான் இருப்பா. ஊரு விலக்குல, மெயின் ரோட்டு மேல, நம்ம கடை. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில டீ ஆத்துவேன். வாற டிரைவர், கிளீனர் எல்லாரும் கேப்பாக, யாருக்கா இது பேத்தியான்னு. எம் மருமகளாக்கும்னு சொல்லுவேன்.

என்ன குடுப்பேனா? கடையில என்ன குறைச்சல்! பன்னு, ரஸ்க்கு, வருக்கி. நல்லா சீனி போட்டு டீயில நனைச்சுக் குடுத்தா அப்படியே கரைஞ்சு எறங்கிரும். மத்தியானம் கஞ்சித்தண்ணி. ராத்திரிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. எதுலயும் காரம் கிடையாது, எண்ணெ கிடையாது. அப்படிப் பக்குவமா வளத்தேன்.

இவனுக்கும் அதான் பிடிக்குமா? டீயும் ரஸ்க்குமா?

ம். பிள்ளைகளுக்கு இனிப்பு பிடிக்கும்தான்.

வந்து கொஞ்ச நாள்ல பிள்ளைக்கு ஒடம்புல அங்கங்க கருகருன்னு படை. தொடையில, இடுப்புல, அப்புறம் கால்ல. காஞ்ச சுண்ணாம்பு மாதிரி தோலு உரியும், அடியில சிவப்பாத் தெரியும். பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கரப்பான். கரப்பானுக்கு என்ன பண்ணணும்? பத்தியம் காக்கணும். முட்டை ஆகாது, மீனு ஆகாது, கருவாடு கூடவே கூடாது, கடலை ஆகாது, கத்திரிக்காய் ஆகாது. பருப்பும் சூடுன்னு நிப்பாட்டிட்டேன். குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் பூசிப் பூசிக் குளிப்பாட்டுனேன். அங்கன்வாடியில சத்துமாவுன்னு ஒரு பாக்கெட்டு குடுப்பாகள்ல, அதுல கடலை இருக்கு, பயறு இருக்கு, பூராம் கரப்பான் பண்டம். அதையா பிள்ளைக்குக் குடுக்கிறது? கோழிக்குத் தூவிட்டேன். கோழி ஒவ்வொண்ணும் என்ன தெரட்சி தெரியுமா, முட்டைய வச்சுத் தள்ளுச்சு. அந்த முட்டைய வித்துத்தான் பிள்ளைக்குச் சீனி வாங்குவேன்.

சிரிக்காத. ஒண்ணு சொல்லட்டுமா? கருவாடு இல்லாம எனக்குச் சோறு எறங்காது. ஆனா அந்தப் பிள்ளை இருந்த நாளெல்லாம் எங்க வீட்டுல கருவாடு சுடல. நம்ம தின்னா அது கண்ணு நம்ம வாயவே பாக்கும்ல. பிள்ளைக்குப் பத்தியம்னா வீட்டுக்கே பத்தியம். எங்க வீட்டுக்காரரு மொணங்குனாரு. மொணங்கட்டும். பெத்தவ இப்படி இருப்பாளா? நான் இருந்தேன்.

அப்புறம் பாரு, பிள்ளை தேற ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல மூஞ்சி. குச்சியா வந்த பிள்ளைக்குக் கன்னம் உப்புச்சு, கண்ணு உள்ள போச்சு. அப்புறம் கையி, காலு. நான் ஆசையா ஒரு கொலுசு வாங்கிப் போட்டிருந்தேன். வந்த புதுசுல அது காலை விட்டுக் கழண்டு கழண்டு விழும், நூலைச் சுத்திச் சுத்தி இறுக்கி வச்சிருந்தேன். ஒரு நாள் பாத்தா நூலு வேண்டியதில்ல. இன்னொரு நாள் கொலுசு கணக்கா நின்னுச்சு. அடுத்து இறுகிப்போச்சு! எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. அன்னிக்கே தவசிக்கு வீடியோ போட்டு, கால மட்டும் காட்டுனேன். பாருடா உன் மக கால, கொலுசு பத்தல, பெரிசா ஒண்ணு வாங்கிட்டு வான்னேன். அவன் கண்ணு கலங்கிட்டான். கம்பெனியில எல்லாருக்கும் காட்டியிருக்கான். அப்ப மட்டும் அக்கா வேணும்!

அழுகையும் நின்னுபோச்சு. வந்தப்போ ஊரக் கூட்டுன பிள்ளை, வச்ச எடத்துல இருக்கும். பலகையில உக்கார வச்சா, அப்படியே இருக்கும். ஈ மொய்ச்சாக்கூட ஓட்டாது. அம்புட்டு அமைதி. கடைக்கு வாறவுக எல்லாம், பிள்ளைய நல்லாப் பழக்கியிருக்கீங்கக்கான்னுட்டுப் போவாக.

இவனும் அழுறதே இல்லையா? எப்பருந்து?

இல்ல, சும்மா கேட்டேன் தாயி. எல்லாப் பிள்ளையும் ஒண்ணு போல இருக்காது. உன் பிள்ளை வேற.

அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி இருக்கா. கடைக்கே வந்துட்டா ஒரு நாள். கொலுசு போட்ட காலப் பாத்துட்டு, சீனியம்மா, இது சதையில்ல, நீரு, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னா. எனக்கு எப்படி இருக்கும்? சாயங்கால யாவாரம், பத்துப் பேரு டீ குடிச்சிட்டிருக்கான். நான் விடல. பிள்ளைக்குக் காய்ச்சலாடி, இல்ல இருமுதா? தொட்டுப் பாருடி, குளுகுளுன்னு இருக்கா. சீக்குப் பிள்ளைன்னா மேலு சுடணும்ல, இதுகூடத் தெரியாம நீ எல்லாம் டீச்சர்னேன். அவ குனிஞ்சு பிள்ளை கையப் புடிச்சுப் பாத்துட்டு நின்னா. அப்புறம் போயிட்டா. போனவ சும்மா போகாம திருப்பூருக்குப் போனப் போட்டிருக்கா. எப்படிப்பட்டவ பாரு!

காதுல கொஞ்சம் சீழு வடிஞ்சுச்சு, அது எந்தப் பிள்ளைக்கு வடியல? வயித்தால போனது பல்லு மொளைக்கிறதுனால. நெஞ்சு கொஞ்சம் கர்ருபுர்ருன்னுச்சு, அது சளி. எல்லாத்துக்கும் நான் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். சுடவே இல்ல. சத்தியமாச் சொல்றேன், ஒரு நாள்கூட அந்தப் பிள்ளைக்கு மேலு சுடல. சுட்டிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? கடையப் பூட்டிட்டு ஓடியிருக்க மாட்டேனா? நீயே சொல்லு.

எம்மா, பஸ்ஸ எப்படி ஓட்டுறான் பாரு, பள்ளத்துலயே விட்டுத் தள்ளுறான். புடிச்சுக்கோ. குல்லா கழண்டுருச்சு பாரு. இரு, நான் மாட்டி விடுறேன்.

முடி பொறந்ததுலருந்தே செம்பட்டைதானா? மொதல்ல கருப்பாத்தான் இருந்துச்சா?

அது... வெயிலுக்கும் அப்படி ஆகும். கனிக்கும் செம்பட்டையாத்தான் ஆச்சு. எங்க ஐயாவுக்குச் செம்பட்ட முடி, அவரே வந்து பொறந்திருக்காருன்னு சொல்லிட்டிருந்தேன் எல்லார்கிட்டயும். மாட்டியாச்சு. நல்லா இழுத்து விட்டுக்கோ.

செல்வராணி சொல்லாம கொள்ளாம வந்து எறங்குனா. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கு. ஒரு நல்ல வார்த்தை இல்ல, வா மதினி போ மதினி இல்ல, நேரா பலகையிலருந்து பிள்ளையத் தூக்குனா. தூக்குனவ அப்படியே நின்னுட்டா. மதினி, பிள்ளை சில்லுன்னு இருக்கேன்னா. விடியக்காலம், பனி விழுந்த நேரம், அப்படித்தான் இருக்கும்னேன். கனி, கனின்னு கன்னத்தத் தட்டுனா. பிள்ளை கண்ணத் தொறந்து பாத்துச்சு. பெத்தவளத்தான் பாக்குது, ஆனா ஒரு சிரிப்பில்ல, ஒரு அழுகையில்ல. அவளும் என் மூஞ்சியப் பாத்தா பாரு ஒரு பார்வை. என்னமோ நான் பிள்ளைய மாத்தி வச்ச மாதிரி. செருப்புகூடப் போடல, தூக்கிட்டு ரோட்டுல நின்னு கைகாட்டி, ஒரு மணல் லாரிய நிப்பாட்டி ஏறிட்டா. நானும் பின்னாலயே ஏறுனேன். அடுப்புல பாலு பொங்குது, எவன் பாத்தான்.

பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டர் பொண்ணு. உன் வயசுதான் இருக்கும். வந்தா, கொலுசுக்குக் கீழ, பாதத்துல, பெருவெரல வச்சு ஒரு அமுக்கு. சும்மா வலிக்காமத்தான். அமுக்கிட்டு வெரல எடுத்தா, அங்க பள்ளம். பெசஞ்ச மாவுல வெரல் வச்ச மாதிரி. நானும் பாக்குறேன், மேல வரும் வரும்னு. வரவே இல்ல தாயி. அப்படியே குழியா நின்னுச்சு. அடுத்த காலையும் அமுக்குனா, அதுலயும் குழி.

அப்புறம் கொலுசு கழட்ட வரல. சதைக்குள்ள பதிஞ்சு, அடியில புண்ணு. கட்டரு கொண்டாந்து வெட்டுனாக. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வெள்ளிக் கொலுச யாராச்சும் வெட்டுவாகளா?

என்ன குடுத்து வளத்தீகன்னு கேட்டா. பருப்புச்சோறு, முட்டை, பாலு எல்லாம்தான் குடுத்தேன்னேன். பின்ன என்ன சொல்லச் சொல்ற? அத்தன பேரு நிக்கிறாக.

ஒடனே ஒரு குழாய மூக்கு வழியா விட்டு, சீனித்தண்ணிய ஏத்துனாக. குளுகோசு பாட்டிலு மாட்டலையான்னு கேட்டேன், அது இந்தப் பிள்ளைக்கு ஆகாது, நெஞ்சு தாங்காதுன்னுட்டா. செல்வராணி சேலைக்குள்ள பிள்ளைய விட்டு, நெஞ்சோட நெஞ்சாச் சேத்துக் கட்டி, மேல கம்பளி. அந்த வேக்காட்டுல கம்பளி! அப்புறம் ஊசி. ஒண்ணு போட்டா, இன்னொண்ணு போட்டா. எனக்குப் பொறுக்கல. எதுக்கும்மா ஊசி மேல ஊசி போடுறீக, பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லையேன்னேன். அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சு. நெஞ்சுல சீழு, காதுல சீழு, குடல்ல கிருமி, கால்ல புண்ணு, இத்தனையும் ஒண்ணா இருக்கும்மா. இம்புட்டு இருந்தும் காய்ச்சல் இல்லைன்னா, அதுதான் பயம். காய்ச்சல் அடிக்கவும் ஒடம்புல தெம்பு வேணும்னா.

இது என்ன பேச்சு? காய்ச்சலுக்குத் தெம்பு வேணுமாம்! அங்கயே சொன்னேன், நல்லாப் படிச்சுட்டு வந்திருக்கம்மான்னு. வாயில வந்தது அதுதான். அவ கோவிக்கல. நர்ஸக் கூப்பிட்டு, இவுகள வெளிய உக்கார வைங்கன்னா.

வெளிய உக்காந்திருந்தேன். கதவுல ஒரு கண்ணாடி. அது வழியா செல்வராணி முதுகு மட்டும் தெரியும். முதுகு அசைஞ்சா பிள்ளை இருக்கு. அசையாட்டி எழுந்து போய்க் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டுவேன், அவ லேசாத் திரும்புவா, நான் வந்து உக்காருவேன். தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. தவசி திருப்பூர்லருந்து வந்து சேந்தான். என் பக்கத்துல வந்து உக்காரல. எதிர்த்தாப்ல செவத்தோரம் நின்னான்.

அடுத்து நடந்ததக் கேளு. பிள்ளை பொழைச்சுக்கிச்சு. ஆனா ஒரு வாரத்துல எப்படி ஆக்கிட்டாக தெரியுமா? நான் ஊட்டி ஊட்டி வளத்த கன்னம் போச்சு, கையி காலு போச்சு. தண்ணியா எறங்கிப்போச்சு அம்புட்டும். தோலும் எலும்புமா, எங்கிட்ட வந்தன்னிக்கு இருந்ததவிட மோசமா. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வார்டுல நின்னு கத்திட்டேன். கொழுகொழுன்னு குடுத்த பிள்ளைய வத்த வச்சுட்டீகளேடி பாவிகளான்னேன். அந்தப் பொண்ணு சொல்றா, இதுதாம்மா உங்க பிள்ளையோட நெசமான ஒடம்பு, இத்தன நாளா தண்ணி மறைச்சுக்கிட்டிருந்துச்சுன்னு. வார்டே என்னைப் பாத்துச்சு. தவசி என் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தான். அக்கா, நீ ஊருக்குப் போ. இனி என் பிள்ளையத் தொடாதன்னான்.

தொடாதன்னுட்டான். நான் தூக்கி வளத்த தம்பி. அவன் மகளத் தொடாதன்னுட்டான்.

அங்க அதுக்குப் பாலு, முட்டை, கடலை மாவு, எண்ணெ எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தாகளாம். கரப்பான் ஆறிப்போச்சாம். முட்டையத் தின்னுக் கரப்பான் ஆறுமா? ஊசியில ஆறியிருக்கும். இல்ல நான் பூசுன குப்பைமேனி உள்ள நின்னு வேல செஞ்சிருக்கும். நான் அப்படித்தான் சொல்லுவேன்.

இப்ப நல்லா இருக்காளாம். ஓடுறாளாம். அங்கன்வாடி டீச்சர்தான் அவ போன்ல காட்டுனா. முடி கருகருன்னு வந்திருக்கு. கீழ விழுந்து அழுறா, என்னா அழுகை, போனு கிழியுது! நான் அதத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். டீச்சர் போயிட்டு வாறேன்னுட்டு, அன்னிக்கு டீக்குக் காசு குடுத்தா. நான் வாங்கல.

வெட்டுன கொலுசத் தட்டாங்கிட்டக் குடுத்து, ரெண்டு வளையம் சேத்துப் பத்தவச்சு வாங்கிருக்கேன். இதுக்குள்ளதான் இருக்கு, பையில. புது டப்பா. கோயில்ல வச்சு யாரும் சண்டை போட மாட்டாக. மாட்டாகள்ல?

நான் பேசிக்கிட்டே வாறேன், இவன் பாட்டுக்கு என்னையே பாத்துட்டிருக்கான். கண்ணு சிமிட்டுறதே இல்ல. ரித்தீசு. டேய் ராசா. இங்க பாரு, பளபளன்னு, கொலுசு. கிலுக்குனாக்கூட திரும்ப மாட்டேங்குறான்.

தாயி, அந்தச் சாக்ஸக் கழட்டு.

இல்ல, சும்மா பாக்கத்தான். உங்க மாமியா ஒண்ணும் சொல்ல மாட்டாக, நான் பெறகு மாட்டி விடுறேன். கழட்டுன்னா கழட்டு தாயி. இரு, நீ புடி, நான் கழட்டுறேன்.

இந்தா, சாக்ஸு எலாஸ்டிக்கு இப்படிப் பதிஞ்சு கெடக்கே. காலு ஐஸு கணக்கா இருக்கு. கொஞ்சம் நீட்டுங்க ராசா. வலிக்காது. அத்தை லேசா ஒரு அமுக்கு. அம்புட்டுதான்.

இரு. பேசாத. வரும்.

மேல வரும். கொஞ்சம் பொறு.

வரல.

அந்தக் கால நீட்டு. ஆத்தா, மாரியாத்தா, இதுலயாச்சும்...

கண்டக்டரு! கண்டக்டரு தம்பி! பெரியாஸ்பத்திரி தாண்டிருச்சா? நிப்பாட்டச் சொல்லு. ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, வாசல்ல நிப்பாட்டு. பிள்ளைக்கு முடியல. டிக்கெட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்தா முன்னால எறங்கக் கூடாதுன்னு சட்டமா? விசிலு குடுய்யா!

எந்திரி தாயி. தொக்கத்துக்காரி எங்கயும் ஓடிர மாட்டா, பெறகு பாத்துக்கலாம். காய்ச்சல் இல்லையா? அதான் தாயி சொல்றேன். காய்ச்சல் இல்ல, எனக்குத் தெரியும். காய்ச்சல் அடிக்கவும் ஒடம்புல தெம்பு வேணும். புரியுதா? தெம்பு வேணும். அழுகாத. நீ அழுதா உனக்குப் படி தெரியாது. அவன மாரோட சேத்து முந்தானைக்குள்ள விடு. இன்னும் உள்ள. ஒடம்போட ஒடம்பு ஒட்டணும். என் பட்டுச்சேல முந்தி நீளம்தான், இதையும் மேல சுத்துறேன், அசையாத.

காதுகுத்தா? அது நடக்கும். நான் போகாட்டி நின்னா போயிரும்? அங்க எனக்கு யாரு எலை போட்டு வச்சிருக்கா.

பாத்து எறங்கு. பைய நான் கொண்டு வாறேன். அந்தக் கதவு இல்ல, இடப்பக்கம் போ, பிள்ளைக வார்டு அங்கதான், எனக்குத் தெரியும். இங்க கேளு, நடந்துக்கிட்டே கேளு. என்ன குடுத்து வளத்தீகன்னு கேப்பா அந்த டாக்டர் பொண்ணு. பருப்பு, முட்டைன்னு கௌரவத்துக்குச் சொல்லிராத. டீயும் ரஸ்க்கும்னா டீயும் ரஸ்க்கும்னு உள்ளதச் சொல்லு. சீனித்தண்ணி மூக்கு வழியா ஏத்துனா தடுக்காத. ஊசி போட்டாத் தடுக்காத. நாலு நாள் கழிச்சுப் பிள்ளை வத்திப்போனாப் பயந்துராத, சண்டைக்குப் போகாத.

அவளுக்கு என்னைய அடையாளம் தெரியும். பாத்ததும் வெளிய உக்காருங்கம்மான்னாலும் சொல்லுவா. கூட வந்திருக்கிறது யாருன்னு கேப்பா உங்கிட்ட.

அத்தைன்னு சொல்லு தாயி.